துரை இல்லாத ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது?

மாணவர்களே, முதலில் மூன்று சின்னக் கேள்விகள்.

ஒன்று: உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள கால்வாய் அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் வாசல் வரை வந்துவிட்டது. யாரிடம் புகார் செய்வீர்கள்?

இரண்டு: இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த உங்கள் பாட்டி இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கிறார். அவருக்குக் குடியுரிமை வாங்க எங்கே போவீர்கள்?

மூன்று: பழைய தோட்டம் கைமாறிவிட்டது. அங்கிருந்த கோயிலுக்கு மாற்று நிலம் வேண்டும். நிலம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

மூன்றுக்கும் "ஒய்.பி.யைப் பார்க்கலாம்" என்று பதில் சொல்லியிருந்தால் கவலைப்பட வேண்டாம். நம் வீடுகளில் பெரியவர்களும் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று வெவ்வேறு கதவுகள் உள்ளன. கதவு மாறித் தட்டினால் மாதங்கள் வீணாகும், சில வேளைகளில் ஆண்டுகளும் வீணாகும். படிவம் நான்கு, ஐந்து வரலாற்றுப் பாடத்தில் வரும் அரசமைப்புச் சட்டம் எஸ்.பி.எம். தேர்வுக்கு மட்டும் படிக்க வேண்டிய பாடமன்று என்பது இங்கேதான் தெரிகிறது.

எல்லாம் ஒருவர் கையில்

சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சுங்கை, பாகான் டத்தோ என்று பேரா முழுவதும் பரவிக் கிடந்த ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். விடியும் முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். எந்தக் குடும்பத்துக்கு எந்த லயம், எத்தனை மணிக்கு மரம் வெட்டப் போக வேண்டும், தோட்டத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதையெல்லாம் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. கிராணியும் மண்டோரும் கங்காணியும் அதை நடைமுறைப்படுத்தினார்கள். சண்டை சச்சரவு வந்தால் விசாரணை துரையின் ஆபீசில் நடந்தது. வேலை போனால் லயமும் போனது.

இப்போது பாடப் புத்தகத்துக்கு வருவோம். அரசாங்கத்துக்கு மூன்று கிளைகள் என்று படிக்கிறோம். சட்டம் இயற்றுவது பெருண்டாங்கான், அதாவது சட்டமன்றம். அதை நிறைவேற்றுவது எக்செகுத்திஃப், அதாவது ஆட்சித்துறை. வழக்கைத் தீர்ப்பது கெஹாக்கிமான், அதாவது நீதித்துறை. தோட்டத்தில் இந்த மூன்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. தண்ணீர், விளக்கு, டிஸ்பென்சரி, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அதே ஆபீஸ்தான்.

நல்ல துரையும் இருந்தார், கெட்ட துரையும் இருந்தார். ஆனால் அவர் தவறு செய்தால் முறையிட வேறு இடம் அருகில் இல்லை. அதிகாரத்தை ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் ஈப்போ போன்ற நகரங்களுக்கும் வந்தன. லயத்தை விட்டாலும், எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் தேடும் பழக்கம் உடன் வந்தது. துரை இருந்த இடத்தில் இப்போது ஒய்.பி. நிற்கிறார்.

மூன்று பில், மூன்று அடுக்கு

அரசாங்கத்தின் மூன்று அடுக்குகளைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் அப்பா அம்மா கட்டும் வரிகளைப் பாருங்கள். வருமான வரி கூட்டரசுக்குப் போகிறது. நில வரி நில அலுவலகம் வழியாக மாநில அரசுக்குப் போகிறது. மதிப்பீட்டு வரி ஊராட்சி மன்றத்துக்குப் போகிறது. ஈப்போவில் இருந்தால் அது ஈப்போ மாநகர் மன்றம். பணம் எங்கே போகிறதோ, அந்தப் பொறுப்பும் அங்கே இருக்கிறது.

யாருக்கு எது என்பதைக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை பட்டியல் போட்டுச் சொல்கிறது. கல்வி, குடியுரிமை, போலீஸ், தற்காப்பு, தொழிலாளர் விவகாரம் ஆகியவை கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. நிலம், காடு, ஊராட்சி ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. இரண்டு தரப்பும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலும் உண்டு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி குப்பை, கால்வாய், சந்தை, சிறு சாலை, கடை உரிமம் போன்றவற்றை ஊராட்சி மன்றங்கள் கவனிக்கின்றன.

ஆக, கால்வாய்க்கு மாநகர் மன்றம். பாட்டியின் குடியுரிமைக்குத் தேசியப் பதிவிலாகா, அது கூட்டரசு. கோயில் நிலத்துக்கு மாநில அரசின் நில அலுவலகம்.

நம் தமிழ்ப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் கூட்டரசுக் கல்வி அமைச்சிடமிருந்து வருகின்றன. பள்ளிக்குப் புதிய நிலம் ஒதுக்க வேண்டுமானால் அது மாநில அரசின் கையில். பள்ளி வாசலில் குப்பை அள்ளாவிட்டால் ஊராட்சி மன்றம். தோட்டத்து நிலத்திலேயே நிற்கும் பள்ளியானால், நிலச் சொந்தக்காரரான தோட்டக் கம்பெனியும் நான்காவது தரப்பாக வந்துவிடும். "பள்ளிக்கு நிலம் கிடைக்கவில்லை" என்று கல்வி அமைச்சிடம் மட்டும் மனு கொடுத்தால் ஏன் வேலை நடக்காது என்பது இப்போது புரியும்.

இந்த மூன்று அடுக்குகளில் இரண்டுக்குத்தான் நாம் வாக்களிக்கிறோம். ஒரு காலத்தில் மூன்றாவதற்கும் தேர்தல் நடந்தது. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அப்படித்தான் ஈப்போ நகர நிர்வாகத்தைக் கைப்பற்றியது. ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. 1965இல் இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை முடித்து வைத்தது. இன்று ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே சட்டமன்றத்துக்கு நீங்கள் போடும் வாக்கு, கால்வாய் வரை நீளுகிறது.

ஈப்போவில் நடந்த பெரும் பாடம்

மூன்று கிளைகளும் ஒன்றோடொன்று மோதினால் என்ன நடக்கும்? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 2009இல் பேரா மாநிலமே வகுப்பறையாக இருந்தது.

2008 மார்ச் 8ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில், 59 இடங்கள் கொண்ட பேரா சட்டமன்றத்தில் ஜ.செ.க., கெஅடிலான், பாஸ் ஆகிய மூன்று கட்சிகளும் சேர்ந்து 31 இடங்களைப் பிடித்தன. தேசிய முன்னணிக்கு 28. பாஸ் கட்சியின் நிஜார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். துரோனோ சட்டமன்ற உறுப்பினர் வி.சிவகுமார் சபாநாயகர் ஆனார். ஒரு சட்டமன்றத்தின் சபாநாயகர் நாற்காலியில் இந்தியர் ஒருவரைப் பார்த்தது நம் சமூகத்துக்குப் பெருமையாக இருந்தது.

2009 பிப்ரவரியில் ஆளும் கூட்டணியின் மூன்று உறுப்பினர்கள் வெளியேறி, தேசிய முன்னணிக்கு ஆதரவு தெரிவித்தார்கள். கணக்கு தலைகீழானது: 28க்கு 31. சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்த அனுமதிக்குமாறு நிஜார் கேட்டார். அப்போதைய சுல்தான் அஸ்லான் ஷா, அரியணை ஏறும் முன் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் கலைக்க இணங்கவில்லை. பிப்ரவரி 6ஆம் தேதி தேசிய முன்னணியின் ஸம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசாராகப் பதவியேற்றார். நிஜாரோ தாம் பதவி விலகவில்லை என்றார்.

மாநிலத்தில் ஆட்சித்துறை யார் என்பதே கேள்வியானது. சபாநாயகர் சிவகுமார், ஸம்ரியையும் அவருடைய ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆறு பேரையும் இடைநீக்கம் செய்தார். மார்ச் 3ஆம் தேதி சட்டமன்ற மண்டபத்துக்குள் நுழைய முடியாமல் போகவே, நிஜார் தரப்பினர் ஈப்போவில் ஒரு மரத்தடியில் கூட்டம் நடத்தினார்கள். அதற்கு 'ஜனநாயக மரம்' என்று பெயர் வந்தது. மே 7ஆம் தேதி சட்டமன்றம் கூடியபோது சிவகுமார் மண்டபத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார். ம.இ.கா.வைச் சேர்ந்த ஆர்.கணேசன் புதிய சபாநாயகராக அமர்ந்தார். அந்த ஒரே நாற்காலிக்கு அன்று இரண்டு இந்தியர்கள் எதிரெதிராக நின்றார்கள்.

இறுதியில் வழக்கு நீதித்துறைக்கு வந்தது. மந்திரி பெசார் பெரும்பான்மையை இழந்துவிட்டார் என்பதை எங்கே முடிவு செய்வது? சட்டமன்றத்துக்குள் வாக்கெடுப்பில் மட்டுமா, வெளியே வேறு வழியிலும் முடிவு செய்யலாமா? மே 11ஆம் தேதி கோலாலம்பூர் உயர் நீதிமன்றம், நிஜாரே சட்டப்படி மந்திரி பெசார் என்றது. அதே மாதம் 22ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஸம்ரியே மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தார்கள். வாக்கெடுப்பு இல்லாமல் வேறு வழியிலும் பெரும்பான்மையை அறியலாம் என்பது அதன் சாரம்.

யார் சரி, யார் தவறு என்று இன்றும் வாதாடுவோர் உண்டு. மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. முதலாவது, சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை, அரண்மனை ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை வரையும் வரிகளை முன்கூட்டியே தெளிவாக எழுதி வைக்காவிட்டால் சண்டை வரும். இரண்டாவது, மாநிலத்துக்குச் சட்டமன்றமும் ஆட்சிக்குழுவும் உண்டு. ஷரியா நீதிமன்றங்கள் போன்ற சில தவிர மற்ற நீதிமன்றங்கள் கூட்டரசைச் சேர்ந்தவை. மாநிலத்துச் சண்டை கோலாலம்பூருக்குப் போனது அதனால்தான்.

சாதாரணக் குடும்பத்துக்கு இதில் என்ன? புதுக்கிராமங்களுக்கும் திட்டமிட்ட கிராமங்களுக்கும் நிரந்தர நிலப்பட்டா தரப்போவதாக நிஜார் அரசு அறிவித்திருந்தது. நிலம் மாநில விவகாரம். ஆட்சி மாறியதும் அந்த வாக்குறுதி என்னவாகும் என்று காத்திருந்தவர்கள், அரசமைப்புச் சட்டம் படிக்காத வீட்டுக்காரர்களே.

பதினோரு ஆண்டு கழித்து

அதே மண்டபத்தில் 2020 டிசம்பர் 4ஆம் தேதி இன்னொரு காட்சி. மந்திரி பெசார் அகமட் பைசால் அசுமு மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 10, எதிராக 48, செல்லாத வாக்கு 1. மறுநாளே அவர் பதவி விலகினார். சில நாள்களில் சாரானி முகமட் பொறுப்பேற்றார். மரத்தடியும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. எண்ணிக்கையை மண்டபத்துக்குள்ளேயே பார்த்தார்கள்.

2022 அக்டோபர் 5ஆம் தேதி கட்சித் தாவல் தடைச் சட்டம் நடப்புக்கு வந்தது. கட்சி மாறும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இடத்தை இழப்பார், அங்கே இடைத்தேர்தல் வரும். சட்டமன்றங்களுக்கோ ஒவ்வொரு மாநிலமும் தன் சொந்த அரசமைப்புச் சட்டத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கும் அடுக்கு வேறுபாடு வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்கலாம்

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாணவர்கள் வீட்டில் கேட்டு, தீராமல் கிடக்கும் ஒரு புகாரை எழுதி வரட்டும். பிறப்புப் பத்திரம், தெருவிளக்கு, நிலப்பட்டா என்று எதுவாகவும் இருக்கலாம். வகுப்பறைச் சுவரில் கூட்டரசு, மாநிலம், ஊராட்சி என்று மூன்று தாள்கள் ஒட்டுங்கள். ஒவ்வொரு புகாரும் எந்தத் தாளுக்குப் போகும் என்று மாணவர்களே வாதாடி ஒட்டட்டும். இரண்டு தாள்களில் ஒட்ட வேண்டியவையும் வரும், அவற்றில்தான் நல்ல விவாதம் நடக்கும். பிறகு அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, சரியான அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பாடவேளையில் 2009ஐ நாடகமாக்கலாம். சபாநாயகர், இரண்டு மந்திரி பெசார்கள், நீதிபதிகள் என்று பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள். பேசும் ஒவ்வொருவரும் "இந்த அதிகாரம் எனக்கு எங்கிருந்து வந்தது?" என்று முதலில் சொல்ல வேண்டும். அது ஒன்றே விதி.

மாணவர்களே, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் வாக்குரிமை, அதுவும் தானாகவே பதிவாகிவிடுகிறது. இன்று படிவம் ஐந்தில் இருக்கும் பலர் அடுத்த பொதுத்தேர்தலில் வாக்காளர்கள். அன்று உங்கள் கையில் நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டு வரும், சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து நடந்தால் இன்னொரு சீட்டும் வரும். எந்தச் சீட்டு எந்த வேலைக்கு என்று தெரிந்து போடுங்கள். தாத்தா காலத்தில் தட்டுவதற்கு ஒரு கதவுதான் இருந்தது. உங்களுக்குப் பல கதவுகள் இருக்கின்றன. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், பாட்டியின் அடையாளக் கார்டு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள்.