மூழ்கிப்போன நகைக்குத்தான் மவுசு! தெரியுமா?

வெள்ளியில் வானநீல டர்க்காய்ஸ், பக்கத்திலேயே செக்கச்செவேலென்று பவளம்! அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கத்து நவஹோ, சூனி பழங்குடிகளின் நகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது தெரியுமா? காசிலிருந்து! 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க டாலரையும் மெக்சிகோ பெசோவையும் உருக்கித்தான் வளையல் அடித்தார்கள். மெக்சிகோ கொல்லர்களிடம் நவஹோக்கள் கற்ற தொழில் இது. 1872 வாக்கில் அது சூனிகளுக்கும் போனது.

சரி, பாலைவனத்தில் பவளம் ஏது? மத்தியதரைக் கடலில் எடுத்தது, ஸ்பானியர் வழியாக வந்தது! அதே கடலின் பவளம் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே யவனர் கப்பலில் நம் முசிறிக்கும் வந்து இறங்கியிருக்கிறது.

பூசணிப்பூ மாலை என்று ஒன்று உண்டு. அதன் நடுவில் தொங்கும் பிறை, ஒரு காலத்தில் ஸ்பானியக் குதிரையின் நெற்றியில் ஆடிய கடிவாள அணி! பூசணிப்பூ என்கிறார்களே, அந்த மணிகளும் மாதுளை மொட்டிலிருந்து வந்த வடிவம் என்பதுதான் பலர் கருத்து.

நவஹோ வேலையில் வெள்ளி கனமாகப் பேசும். சூனி வேலையில் கல்தான் ராஜா. குச்சி முனையில் அரக்கு வைத்து, அதில் துணுக்குக் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் தேய்க்கிறார்கள். இரு முனையும் ஊசிபோல் கூர்மையாகும்வரை விடுவதில்லை. அரிசியைவிட ஒல்லியான அந்தக் கல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெள்ளிக் கூடு! ஒரே பதக்கத்தில் இப்படி எத்தனையோ கல்!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அடகுக் கதை. அந்தக் காலத்தில் நவஹோ குடும்பத்துக்கு நகைதான் வங்கி. வியாபாரியின் கடையில் வைத்து மாவும் காபியும் வாங்குவார்கள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பருவத்தில் மீட்பார்கள். நடுவில் சடங்கு வந்தால்? பல வியாபாரிகள் போட்டுக்கொள்ளக் கொடுத்தனுப்புவார்களாம்! நம்மூர் சேட்டுக் கடையில் கேட்டுப் பாருங்கள், நடக்குமா? மீட்காமல் மூழ்கிய நகைக்குத்தான் இன்று சேகரிப்பவர்களிடம் ஏக கிராக்கி. ஏனென்றால் அது சுற்றுலாக்காரருக்காகச் செய்ததல்ல, தாங்கள் அணியச் செய்தது. ஆனால் ‘பழைய அடகு நகை’ என்று கடைக்காரர் சொன்னதற்காகவே காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள். புதுசுக்கும் அந்தப் பட்டம் தாராளமாகக் கிடைக்கிறது.

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். செய்தவர் முத்திரை இருந்தால் நல்லது. இல்லையென்றால் போலி என்றும் சொல்ல முடியாது, ஆரம்பகால நகைகளில் முத்திரையே கிடையாது! டர்க்காய்ஸில் செம்பு இருப்பதால் நீலம், இரும்பு சேர்ந்தால் பச்சை. வியர்வையும் சென்ட்டும் பட்டுப்பட்டு நீலக் கல்லே மெல்லப் பச்சையாகும். பிளாஸ்டிக் கல்லும் சந்தையில் ஏராளம்.

பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்றால் என்ன ஆகும் தெரியுமா? 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. அதுவும் முதல் தடவைக்கே!