இறாலுக்கு எது நல்ல தண்ணீர்?

ஒரு வீட்டில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் இருபது சிவப்பு இறால்களை வளர்த்தார்கள். இவை சமைக்கும் இறால் அல்ல. அழகுக்காக வளர்ப்பவை. செர்ரி இறால் என்று பெயர். ஓர் அங்குல நீளம்தான் இருக்கும். கொல்கத்தா, மும்பை போன்ற நகரங்களில் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு அம்மா தொட்டியைச் சுத்தம் செய்தார். பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டினார். கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் தேய்த்துக் கழுவினார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினார். தொட்டி பளபளத்தது. இரவில் கொசுத் தொல்லை. அறையில் கொசு மருந்து அடித்தார்கள்.

காலையில் பார்த்தால் ஓர் இறால்கூட உயிரோடு இல்லை.

அந்த அம்மா மீன் கடைக்குப் போனார்.

"ஐயா, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததே! ஏன் செத்துப் போச்சு?"

"கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் வேறு அம்மா. இறாலுக்கு நல்ல தண்ணீர் வேறு" என்றார் கடைக்காரர்.

எங்கே தவறு நடந்தது? பார்ப்போமா?

முதல் தவறு: குழாய்த் தண்ணீர்

கிருமிகளைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்கள். அந்த அளவு நமக்குக் கெடுதல் இல்லை. இறால் செவுளால் மூச்சு விடுகிறது. அதற்குக் குளோரின் நஞ்சு. தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரின் பெரும்பாலும் போய்விடும். குளோரின் நீக்கும் மருந்தும் கடையில் உண்டு. அதையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் தவறு: பஞ்சைத் தேய்த்தது

இறாலின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. பஞ்சிலும் கல்லிலும் நல்ல நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை அந்த நஞ்சைக் கேடு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. தேய்த்துக் கழுவினால் அவை போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். அது போதும்.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை இறால் விடக் கூடாது.

மூன்றாம் தவறு: கொசு மருந்து

கொசுவும் இறாலும் தூரத்து உறவு. இரண்டும் கணுக்காலிகள். கொசுவைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். தொட்டி உள்ள அறையில் மருந்து வேண்டாம். கொசுவலை கட்டுங்கள்.

செம்பும் இறாலுக்கு ஆகாது. சில மீன் மருந்துகளில் செம்பு இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

நான்காம் தவறு: முழுத் தண்ணீரையும் மாற்றியது

இறால் வளரும்போது பாம்பைப் போலச் சட்டை உரிக்கும். தண்ணீர் திடீரென மாறினால் சரியாக உரிக்க முடியாது. பாதியில் சிக்கிச் செத்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை, பத்துக் குடத்துக்கு ஒரு குடம் மட்டும் மாற்றுங்கள். மெதுவாக ஊற்றுங்கள்.

உரித்த சட்டை செத்த இறாலைப் போலவே கிடக்கும். பயப்படாதீர்கள். எடுத்தும் போடாதீர்கள். இறால் அதைத் தின்னும். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து புது ஓட்டுக்கு உதவும்.

இன்னும் சில செய்திகள்

தீனியைக் கொஞ்சமாகப் போடுங்கள். வேகவைத்த கீரையோ வெள்ளரித் துண்டோ போதும். முதலில் நன்றாகக் கழுவுங்கள். பூச்சி மருந்து ஒட்டியிருக்கலாம். மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கோடையில் தொட்டியை வெயில் படாத இடத்தில் வையுங்கள். சூடான தண்ணீரில் பிராண வாயு குறைவு.

வேண்டாத இறாலைக் குளத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள். அது நம் ஊர் உயிரினங்களுக்குக் கேடாகலாம்.

அந்த அம்மா மறுபடி தொட்டி வைத்தார். ஆறு வாரம் பொறுத்தார். பிறகு பத்து இறால் விட்டார். சில மாதம் கழிந்தது. ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் முட்டைகள் தெரிந்தன. அடுத்த மாதமே பாசிக்குள் குட்டி இறால்கள் ஊர்ந்தன.

தண்ணீரைப் பேணினால் போதும். இறால் தானே பிழைத்துக்கொள்ளும்.

விடை சொல்லுங்கள்

1. குழாய்த் தண்ணீரை ஏன் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும்?
2. வடிகட்டிப் பஞ்சை எந்தத் தண்ணீரில் அலச வேண்டும்?
3. உரித்த சட்டையை ஏன் எடுத்துப் போடக் கூடாது?