வாடுகிறதே கற்றாழை! தண்ணீர் ஊற்றலாமா?

வீட்டு வாசலில் சோற்றுக் கற்றாழை தலைகீழாகத் தொங்குகிறது. கண் திருஷ்டிக்காகக் கட்டியது. அதற்கு மண் இல்லை. யாரும் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. ஆனாலும், மாதக் கணக்கில் பச்சையாக இருக்கிறது. சில சமயம் குருத்துகூட விடுகிறது!

அதே வீட்டின் கொல்லைப்புறத்தில் இன்னொரு கற்றாழை. அழகான தொட்டி. நல்ல மண். தினமும் காலையில் ஒரு செம்பு தண்ணீர். ஆனால், அது தலை சாய்ந்து கிடக்கிறது.

இது என்ன புதிர்?

புதிர் ஒன்றும் இல்லை. பட்டினி கிடந்த செடி பிழைத்தது. அளவுக்கு மீறிக் குடித்த செடி நோயில் விழுந்தது. அவ்வளவுதான்!

இலைக்குள் தண்ணீர்த் தொட்டி

கற்றாழை மடலைக் கீறினால், உள்ளே கண்ணாடி போன்ற சோறு இருக்கிறது. அதில் 100-க்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மழை பெய்யும்போது சேர்த்து வைத்து, வெயில் காலத்தில் சிறுகச் சிறுகச் செலவழிப்பது அதன் வழக்கம்.

அது மூச்சு விடும் முறையும் தனி. பெரும்பாலான செடிகள் பகலில் இலையின் நுண்துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை இழுக்கின்றன. அப்போது இலையில் உள்ள ஈரமும் ஆவியாகப் போய்விடுகிறது. கற்றாழையோ பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. வெயில் தணிந்து, இரவு வந்த பிறகே திறக்கிறது. இரவில் வாங்கிய வாயுவைப் புளிப்புச் சத்தாக மாற்றி வைத்திருந்து, மறுநாள் வெளிச்சத்தில் தன் உணவைச் சமைக்கிறது.

இந்த ரகசியத்துக்குத் துப்புக் கொடுத்தவர்களில் ஒருவர், சென்னையில் வாழ்ந்தவர்! கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவர ஆராய்ச்சியாளராக இருந்த பெஞ்சமின் ஹைன் என்பவர் அவர். இற்றைக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு, ரணகள்ளியின் இலையை அவர் ருசி பார்த்தார். காலையில் புளித்தது. நடுப்பகலில் ருசியே இல்லை! இரவில் சேர்ந்த புளிப்பு, பகலில் செலவாகிவிட்டது என்பது பின்னால் தெளிவாயிற்று. (நீங்கள் ருசி பார்க்க வேண்டாம். ரணகள்ளியில் நச்சுப் பொருள் இருக்கிறது.)

காய்ந்த ஊருக்கு ஏற்ற செடி

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லி மீட்டர் மழைதான் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே வந்துவிடும். மற்ற மாதங்களில் வெயில்தான்.

1922-ம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும், ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தத் தொழில் இங்கே வேர் பிடிக்க இந்தக் காய்ந்த காற்றும் கைகொடுத்தது. தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் ஈரம் ஆகாது என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கற்றாழை வேருக்கும் அப்படியே! ஈரம் வரலாம். ஆனால், வந்த ஈரம் தங்கக் கூடாது.

இங்கேதான் ஒரு சிக்கல். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் மண் அதிகம். பருத்திக்கு அது அருமையான மண். ஏனென்றால், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே குணம், தொட்டியில் உள்ள கற்றாழைக்கு எமன்! வேருக்குக் காற்றுக் கிடைக்காமல், அது அழுகிவிடுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை தொங்குகிறது. அதைத் தாகம் என்று நினைத்து, நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். செடி செத்துப் போகிறது!

நோய் என்ன?

தண்ணீரை எடுக்கும் முன்பு, செடியைத் தொட்டுப் பாருங்கள்.

மடல் கொழகொழவென்று இருக்கிறதா? அடிப்பாகம் மஞ்சளாகவோ, பழுப்பாகவோ மாறி இருக்கிறதா? மண்ணில் கெட்ட வாடை வருகிறதா? அப்படியானால், வேர் அழுகல். இதுதான் ஆபத்தானது.

மடல் மெலிந்து, சுருக்கம் விழுந்து, ஓரங்கள் உள்பக்கமாக மடிந்திருக்கிறதா? மண் காய்ந்து, தொட்டியை விட்டு விலகி நிற்கிறதா? அப்படியானால், உண்மையான தாகம்.

மடல் நீண்டு, வெளிறி, பக்கவாட்டில் சாய்கிறதா? வெளிச்சம் போதவில்லை.

மடல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறதா? அது மாவுப்பூச்சி.

இன்னும் சந்தேகமா? தென்னை ஈர்க்கு ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகி எடுங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

வைத்தியம்

தாகத்துக்கு வைத்தியம் எளிது. தொட்டியின் அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளிவரும் வரை ஊற்றுங்கள். கீழே தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சில நாட்களில் மடல் பருக்கத் தொடங்கும்.

வெளிச்சக் குறைவு என்றால், செடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்துங்கள். நிழலில் இருந்ததைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால், மடல் சிவந்து கருகும்.

மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள்.

வேர் அழுகலுக்கு அறுவைச் சிகிச்சைதான்!

செடியைப் பிடுங்கி, வேரில் உள்ள மண்ணை உதறுங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருப்பது நல்ல வேர். கறுத்து நசிவது கெட்ட வேர். சுத்தமான கத்தியால், கெட்டதை எல்லாம் வெட்டி எறியுங்கள். அழுகிய மடலையும் விட்டு வைக்காதீர்கள்.

உடனே நடக் கூடாது. 3 நாள் முதல் ஒரு வாரம் வரை நிழலில் காய விடுங்கள். வெட்டுவாய் காய்ந்து, பக்குக் கட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் செத்துவிடுமே என்று பயப்படாதீர்கள். வாசலில் தொங்கும் கற்றாழை மாதக் கணக்கில் தாங்குகிறதே!

பிறகு பாதி செம்மண், பாதி பருமணல் கலந்து நடுங்கள். தொட்டியில் துளை அவசியம். துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லை வையுங்கள். பழைய பெயிண்டு டப்பாவில் நடுகிறவர்கள், அடியில் நாலைந்து துளைகள் போட மறக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

அடித்தண்டு முழுவதும் அழுகிவிட்டதா? தாய் பிழைக்காது. பக்கத்தில் முளைத்திருக்கும் குட்டிகளைப் பிரித்து நடுங்கள். மடலை மட்டும் வெட்டி நட்டால், கற்றாழை முளைக்காது. இலையில் குட்டி போடுவது ரணகள்ளிதான்.

ஓர் எச்சரிக்கை

பட்டாசு ஊரில், தீப்புண்ணுக்கு ஆகும் என்று கற்றாழை வளர்ப்பவர்கள் உண்டு. தீக்காயம் பட்டால், முதல் வைத்தியம் கற்றாழை அல்ல, தண்ணீர்! குழாயைத் திறந்து, ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்ட வேண்டும். கொப்புளம் வந்தாலோ, காயம் பெரிதாக இருந்தாலோ, எதையும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலும் கடுமையான பேதி மருந்து. அதைக் குழந்தைகள் வாயில் வைக்கக் கூடாது.

காலண்டரில் குறியுங்கள்

தண்ணீர் ஊற்றிய தேதியைக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்? கோடையில் 10 நாளுக்கு ஒரு தடவை ஈர்க்கைச் செருகிப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைக் காலத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிடுங்கள்.

மற்றச் செடிகள் கவனிப்பால் வளரும். கற்றாழையோ, கொஞ்சம் மறந்து விட்டால்தான் வளரும்!