சிறுகுறிஞ்சான் சாப்பிடுகிறீர்களா? மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள்!

சேலையூர்க்காரர் ஒருவர் என்னிடம் வைத்தியத்துக்கு வருவார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பத்து வருஷமாகச் சர்க்கரை. ஓர் அமாவாசையன்று காலையில் தாம்பரம் மார்க்கெட்டில் படையலுக்கு வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து கிளினிக்கில் சோதித்தால் சர்க்கரை 52! குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் தெளிந்தார்.

மறுநாள் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் டாக்டர், நீங்க கொடுத்தது வெறும் பச்சிலைப் பொடிதானே? அதுக்குப் போய் இப்படி ஆகுமா?"

ஆகும் அம்மா. தப்பு என்மேலும் உண்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒரே ஒரு சின்ன மாத்திரை சார்" என்றார். அட்டையை வாங்கிப் பார்க்காமலே சிறுகுறிஞ்சான் பொடி கொடுத்துவிட்டேன். அந்தச் சின்ன மாத்திரை கிளிமிபிரைடு. கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து அது. அன்று காலை மாத்திரையும் போட்டாயிற்று, பொடியும் விழுங்கியாயிற்று. தர்ப்பணம் முடியாமல் சாப்பிடக்கூடாதென்று வயிறோ காலி. பிறகு கேட்பானேன்!

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. மூலிகை பண்ணினால் நல்லது பண்ணும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் என்று. சர்க்கரையைக் குறைக்கும் சக்தி ஓர் இலைக்கு இருக்கிறதென்றால், அளவுக்கு மேல் குறைக்கவும் அதனால் முடியும்தானே?

சக்தி இருக்கிறதா என்று சந்தேகமா? சிறுகுறிஞ்சானின் இன்னொரு பெயரே சர்க்கரைக்கொல்லி. இரண்டு இலையை நன்றாக மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள். மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்தபோது, புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு இந்த இலையை மெல்லக் கொடுத்துவிட்டு லட்டு நீட்டுவது எங்கள் விளையாட்டு.

இந்த இலையை முறையாக ஆராய்ந்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையினர் 1990-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவந்த சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு, அந்த மாத்திரையோடு சேர்த்து, சிறுகுறிஞ்சான் இலைச் சத்தைத் தினமும் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். 18 முதல் 20 மாதம் வரை. ரத்தச் சர்க்கரை குறைந்தது, மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையை விட்டுவிட்டு இலைச் சத்தோடு மட்டுமே சமாளித்தார்கள்.

"பார்த்தீங்களா, மாத்திரையே வேண்டாம்னு ஆராய்ச்சியிலேயே சொல்லிட்டாங்க" என்று இதை வைத்து வியாபாரம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் மீதிப் பதினேழு பேரைப் பற்றிப் பேச மாட்டார்கள். அந்தப் பதினேழு பேருக்கும் மாத்திரை தேவைப்பட்டது. ஐந்து பேர் விட்டதும் ஒரே நாளில் தாங்களாக முடிவு செய்து விட்டதல்ல, மாதக்கணக்கில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான். தவிர, 22 பேர் என்பது சிறிய கூட்டம். அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. சித்த வைத்தியன் நானே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. அவர்கள் கொடுத்தது இலையிலிருந்து பிரித்தெடுத்த சத்து, அளவு நிச்சயமானது. நீங்கள் வாங்குவது இலைப் பொடி. எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது, எத்தனை நாள் டப்பாவில் இருந்தது என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். போன மாதம் ஒரு ஸ்பூன் செய்த வேலையை இந்த மாதம் அரை ஸ்பூன் செய்யலாம், இரண்டு ஸ்பூன் செய்யாமலும் போகலாம். வீட்டில் வேண்டுமானால் கரண்டி ஒன்றாக இருக்கலாம், சரக்கு ஒன்றல்ல!

மாத்திரை என்றாலே விஷம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் வளரும் கலீகா என்ற செடியிலிருந்த பொருளைப் பின்பற்றி, அதன் நச்சுத்தன்மையைக் குறைத்து உருவாக்கியதுதான் அந்த மருந்து. 1957-ல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

சர்க்கரையோடு விஷயம் முடியவில்லை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருமலுக்கென்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் சுவைத்தால் கொதிப்பு ஏறும், உடம்பில் பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது.

லேபிளில் உரிம எண், தொகுப்பு எண், சேர்ந்துள்ள சரக்குகளின் பெயர் எதுவும் இல்லாமல், "ஒரே வாரத்தில் சர்க்கரை நார்மல்" என்று கொடுக்கிற பொட்டலத்தைத் திரும்பியும் பார்க்காதீர்கள். மூலிகை என்ற பெயரில் அலோபதிச் சர்க்கரை மாத்திரையையும் ஸ்டீராய்டையும் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

மூலிகை வேண்டுமென்றால் தாராளமாக வாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மருந்தால் ஏதாவது ஒவ்வாமை, கோளாறு என்றாலும் அங்கே தெரிவிக்கலாம். ஆனால் எங்கே போனாலும் மாத்திரை அட்டைகளையும் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள். உங்கள் அலோபதி டாக்டரிடமும் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, பேச்சில் குழறல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சிறுகுறிஞ்சான் மென்ற வாய்க்கு இனிப்புத் தெரியாது, அதற்காகக் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சேலையூர்ப் பெரியவரின் மாத்திரையை அவருடைய டாக்டர் பாதியாகக் குறைத்தார். பொடியை நான் நிறுத்திவைத்தேன். மூன்று மாதச் சராசரி பார்த்த பிறகு, இருவரும் போனில் பேசிக்கொண்டு, குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தோம். இப்போது அமாவாசைக்கு முதல் நாளே அவர் மனைவி போன் செய்துவிடுகிறார்: "டாக்டர், நாளைக்கு இவர் லேட்டாத்தான் சாப்பிடுவார். எதை எப்போ கொடுக்கட்டும்?"