காக்கைக்கு வைத்த சோறும் நியூஜெர்சி கரடியும்

நியூஜெர்சியில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ ஆறு மாதம் தங்கக் கிளம்புகிறவர்கள் குளிரைப் பற்றி விசாரிப்பார்கள். கரடியைப் பற்றிக் கேட்பதில்லை. போன கொஞ்ச நாளில் வாட்ஸப்பில் படம் வரும். கொல்லைப்புறப் புல்தரையில் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கன்னங்கரேலென்று ஒன்று உட்கார்ந்திருக்கும். “இது ஊரா, காடா?” என்று கூடவே ஒரு கேள்வி.

இரண்டும்தான். எப்படி என்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த மாநிலத்தில் நூறு கருங்கரடிகூடக் கிடையாது. கைவிட்ட பண்ணை நிலங்களில் மறுபடி மரம் வளர்ந்தது. 1971இல் கரடி வேட்டையை நிறுத்தினார்கள். மீண்டும் அனுமதித்தது 2003இல்தான். இன்று மாநிலத்தின் 21 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம்போல) கரடியைப் பார்த்திருக்கிறார்கள். வடமேற்கே சசெக்ஸ், மோரிஸ் பக்கம் அதிகம். நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பார்சிப்பனி அந்த மோரிஸில்தான் இருக்கிறது.

வீட்டுப் பக்கம் ஏன் வருகிறது? கோடைத் தொடக்கத்தில் தாய்க்கரடி ஒன்றரை வயதுக் குட்டிகளை விரட்டிவிடும். புது இடம் தேடி அலையும் அந்த இளவட்டங்கள் தெருவுக்குள் நுழைந்துவிடும். இலையுதிர் காலத்தில் காரணம் வேறு. குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்க ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். நம்மில் பத்துப் பேர் சாப்பாடு அது. காட்டில் நாளெல்லாம் பொறுக்க வேண்டியது, குப்பைத்தொட்டியிலும் பறவைகளுக்குத் தொங்கவிட்ட சூரியகாந்தி விதையிலும் கால் மணியில் கிடைத்துவிடுகிறது.

அதோடு நம் வழக்கம் ஒன்றும் சேர்கிறது. அமாவாசையன்று பருப்பும் நெய்யும் பிசைந்த ஒரு பிடி சோற்றை வீட்டையொட்டிய மரத்தளமான டெக்கின் கைப்பிடிமேல் வைக்கிறோம். காக்கை மேலாகக் கொத்திவிட்டுப் போகும். சிதறிய பருக்கை பலகை இடுக்கில் கிடக்கும், நெய் மரத்தில் ஊறியிருக்கும். கரடியின் மூக்குக்கு அது போதும். அதனால் காக்கை தின்று முடிக்கும்வரை நில்லுங்கள். மிச்சத்தை எடுத்துவிட்டுப் பலகையைக் கழுவிவிடுங்கள். கரடிக்கென்று வேண்டுமென்றே தீனி வைப்பது அங்கே சட்டப்படி குற்றம். அபராதம் 1,000 டாலர் வரை போகும். குப்பைத்தொட்டியை முதல்நாள் இரவே வெளியே தள்ளாமல், வண்டி வரும் நாள் காலையில் வையுங்கள். பறவைத் தீனி ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை வேண்டாம். பார்பிக்யூ அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது.

சரி, எதிரே வந்தே விட்டால்? பள்ளிக்கூடத்தில் படித்த கதை உடனே நினைவுக்கு வரும். நண்பர்கள் இருவரில் ஒருவன் மரமேறித் தப்பினான், மற்றவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன்போல் கிடந்தான். கருங்கரடியிடம் இரண்டுமே பலிக்காது. அது நம்மைவிட வேகமாக மரமேறும். செத்ததுபோல் கிடப்பது, சில சமயம், பழுப்புக் கரடியிடம் சொல்லப்படும் யோசனை. நியூஜெர்சியில் அந்த இனமே கிடையாது.

ஓடவும் கூடாது. அது மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 2014 செப்டம்பரில் வெஸ்ட் மில்ஃபோர்டு காட்டுப் பகுதியில் நடந்துபோன ஐந்து இளைஞர்கள் ஒரு கரடியைப் படம் பிடித்தார்கள். அது பின்தொடர்ந்து வந்ததும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். ஒருவர் திரும்பி வரவில்லை. கரடி தாக்கி மனிதர் இறந்ததாக அந்த மாநிலத்தில் பதிவான முதல் சம்பவம் அதுதான். இப்படி நடப்பது மிக அபூர்வம். பெரும்பாலும் நம்மைக் கண்டதும் கரடிதான் விலகிப் போகும்.

எனவே நின்ற இடத்தில் நில்லுங்கள். பிறகு கண்ணோடு கண் பார்க்காமல், நிதானமான குரலில் பேசியபடியே பின்பக்கமாக நகருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அது பின்னங்காலில் எழுந்து நின்றால் பாயப் போகிறது என்று அர்த்தமில்லை. எட்டிப் பார்க்கிறது, மோப்பம் பிடிக்கிறது. புஸ்ஸென்று மூச்சுவிட்டு, தாடையைக் கடகடவென்று அடித்து, தரையை அறைந்தால், ‘கிட்டே வராதே’ என்கிறது. சில சமயம் பாய்வதுபோல் வந்து பாதியில் நின்றுவிடும், அப்போதும் ஓடாதீர்கள். மீறித் தாக்கினால் கல், கம்பு, கையில் கிடைத்ததை வைத்துத் திருப்பி அடிக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருந்தபடி பார்த்தால் வேலை சுலபம். எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து ஜன்னலோரம் நின்று தட்டுங்கள். கரடி வெளியேற ஒரு வழி திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழையப் பார்த்தால் அவசர எண் 911. தொல்லை தொடர்ந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் 1-877-927-6337.

போனபின் எதைத் தேடி வந்தது என்று கண்டுபிடித்து அகற்றுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். ஒரு தடவை தீனி கிடைத்த கொல்லையைக் கரடி மறக்காது. மனிதர் பயம் விட்டுப்போய்க் கதவை உடைக்கும் அளவுக்குத் துணிந்தால், அதைக் கொன்றுவிடுவதுதான் அங்கே நடைமுறை.