செவ்வாய்க்கிழமை யார் இருப்பார்கள்?

"வீட்டுலருந்தே நல்லாத்தானே பாத்துக்கிட்டிருந்துச்சு. இப்ப எதுக்குத் தம்பி வாரத்துக்கு மூணு நாளு வந்து உக்காருங்கிறான்?"

பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் டீ சொல்லிவிட்டு பாய் கேட்ட கேள்வி இது. அவருடைய மகள் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவள், மாடியில் மேசை போட்டு அப்படியே தங்கிவிட்டாள். இப்போது கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்தே ஆரம்பித்தேன்.

2020-இல், எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, டி.சி.எஸ். ஒரு திட்டத்தை அறிவித்தது. 2025-க்குள் எந்த நேரத்திலும் கால்வாசிப் பேர் ஆபீசில் இருந்தால் போதும் என்பது அதன் சாரம். '25க்கு 25' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அந்த 2025 வருவதற்கு முன்பே, 2023 அக்டோபர் 1 முதல் வாரம் ஐந்து நாளும் வரவேண்டும் என்று அதே கம்பெனி சொன்னது. 2024-இல் வருகையை ஊக்கத்தொகையோடு முடிச்சுப் போட்டார்கள். வருகை 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழுத்தொகை. 60-க்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. விப்ரோ வாரம் மூன்று நாள் என்றது. இன்ஃபோசிஸ் மாதம் பத்து நாள் என்றது. வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்ற இந்த வித்தியாசம் பரங்கிப்பேட்டைக்காரருக்கு ரொம்ப முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

"கட்டடம் சும்மா கெடக்குதுன்னு கூப்புடுறானா?" என்றார் பாய். அதுவும் கொஞ்சம் உண்டு. சென்னையில் பல ஐ.டி. வளாகங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கின்றன. வரிச்சலுகை கொடுத்த அரசு, வேலை அந்த எல்லைக்குள் நடக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கென்றே 2022 ஜூலையில் தனி விதி போடவேண்டி வந்தது. முதலில் பாதிப் பேருக்கு அனுமதி, அந்த ஆண்டு டிசம்பரில் எல்லோருக்கும். அதுவும் கெடு வைத்த அனுமதிதான்.

ஆனால் கட்டடத்தை மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போனால் கம்பெனிக்காரர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். பக்கத்தில் இருப்பதில் உண்மையிலேயே ஒரு லாபம் இருக்கிறது. அமெரிக்காவில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் ஆய்வுக்கூடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்து 1977-இல் புத்தகமே எழுதினார். இரண்டு பேருடைய மேசைக்கும் இடைவெளி சுமார் 50 மீட்டரைத் தாண்டினால் அவர்கள் வேலை விஷயமாகப் பேசிக்கொள்வது அநேகமாக நின்றே போகிறது. அண்மையில் ஒரு பெரிய கம்பெனியின் சாஃப்ட்வேர் பொறியாளர்களை வைத்து நடந்த ஆய்வும் இதையே வேறு கோணத்தில் சொன்னது. தன் குழுவினர் இருக்கிற அதே கட்டடத்தில் உட்கார்ந்தவர்கள் எழுதிய நிரலுக்கு, வேறு கட்டடத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாகத் திருத்தமும் குறிப்பும் கிடைத்தன. இளையவர்களுக்கு லாபம் அதிகம்.

"ஒங்க பொண்ணுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ், பாய்?"

"ஒம்பது."

அப்படியானால் இந்த லாபத்தில் அவளுக்கு வரும் பங்கு குறைவு. அவளிடமிருந்து அடுத்தவர்கள் கற்றுக்கொள்ளத்தான் அவளைக் கூப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒரு தவற்றில் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது, திரும்பி "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்க ஆள் வேண்டும். மெசேஜ் அனுப்பிக் கேட்க அந்தப் பிள்ளை கூச்சப்படும். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற மூத்தவர்களின் சொந்த வேலை குறைகிறது. வருஷக் கடைசியில் மதிப்பீடு போடும்போது "நீ எத்தனை முடித்தாய்" என்று மட்டும் கேட்டால், ஆபீசுக்கு வந்து நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் தோற்றுப்போவாள்; வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தவள் ஜெயிப்பாள். மூத்தவர்கள் வரவேண்டுமென்று நினைக்கிற கம்பெனி முதலில் கை வைக்கவேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். பெரும்பாலும் கை வைப்பதில்லை. கார்டு தேய்த்த கணக்கை எடுப்பது சுலபம்.

கார்டுக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்ததே. காலையில் வந்து கார்டைத் தேய்ப்பார்கள், காபி குடிப்பார்கள், டிராஃபிக் கூடுமுன் கிளம்பிவிடுவார்கள். வெளிநாட்டில் இதற்கு 'காபி பேட்ஜிங்' என்று பெயரே வந்துவிட்டது. இன்னும் கொடுமை, நாள் முழுக்க நேர்மையாக இருப்பவர்களுடையது. மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெங்களூரில் இருப்பவரோடு வீடியோவில் பேசிவிட்டுத் திரும்புவார்கள். செவ்வாய்க்கிழமை வா என்று சொல்வதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை அங்கே வேறு யார் இருப்பார்கள் என்று சொல்லியிருக்கவேண்டும்.

ஓர் இடத்துக்குப் போவதற்குக் காரணம் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருப்பது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில். அதன் கடல்வாழ் உயிரியல் மையம் மட்டும் வெள்ளாற்றங்கரையில், பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப உப்பு கூடும், குறையும். அதில் வாழும் உயிர்களைப் பார்க்க அங்கேதான் இருக்கவேண்டும். எதற்காக அங்கே போகிறோம் என்று அங்கே படித்த எந்த மாணவரும் கேட்டிருக்கமாட்டார்.

பாய் சிரித்தார். "நாங்க ரெண்டு வருஷம் துபாய், ரெண்டு மாசம் ஊரு. அது மாதிரி ஒண்ணு பேசிக்கிட்டா என்ன?" வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கிற சபராளிகளின் ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் என்ற ஏற்பாடு தாம்பரத்தில் வீடு இருப்பவருக்காக எழுதப்பட்டது. அவருக்கு ஆபீஸ் போகும் செலவு ஒரு மின்சார ரயில் சீசன் டிக்கெட். 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற பரங்கிப்பேட்டைக்காரிக்கு ஹாஸ்டல் வாடகை, அட்வான்ஸ், வாராவாரம் பயணம். மூன்று நாள் தங்கினாலும் வாடகை முழு மாதத்துக்குத்தான். மாதம் பத்து நாள் என்றால் கதை வேறு. சேர்த்துவைத்துப் போக அனுமதித்தால், சிதம்பரத்தில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி விடியலில் சென்னையில் இறங்கி, இரண்டு வாரம் இருந்துவிட்டு மிச்ச நாளுக்கு ஊர் திரும்பிவிடலாம். மொத்த நாளில் பெரிய வித்தியாசமில்லை; ஆனால் ஒன்றில் வேலையை விடத் தோன்றும், மற்றொன்றில் தோன்றாது.

தோன்றும் என்று நான் ஊகமாகச் சொல்லவில்லை. ஷாங்காயில் டிரிப்.காம் கம்பெனியில் 2021-22-இல் ஆறு மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். 1,612 பேரைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்க அனுமதி. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம் குழுவின் அந்த ஆய்வு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பதவி உயர்விலும் மதிப்பீட்டிலும் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. வேலையை விட்டுப்போவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரிடம் அதிகமாகக் குறைந்தது தெரியுமா? பெண்களிடமும், தூரத்திலிருந்து வருகிறவர்களிடமும்.

ஆளை ஆபீசுக்குக் கூப்பிடுவது ஒரு வழி. ஆபீசை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது இன்னொன்று. ஸோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அதைச் செய்துகாட்டியிருக்கிறது. தமிழக அரசு தன் பங்குக்கு 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரியை ஒட்டிய திருச்சிற்றம்பலத்தில், சிறிய டைடல் பூங்காவைத் திறந்தது. அதே ஆண்டு தஞ்சாவூரிலும் சேலத்திலும் திறந்தது. கடலூரிலிருந்து திருச்சிற்றம்பலம் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் கட்டடம் வந்தால் மட்டும் போதாது. உங்கள் மகளின் கம்பெனி அங்கே நாலு நாற்காலி எடுக்கவேண்டும், அவளுடைய குழுவில் நாலு பேராவது அதில் உட்காரவேண்டும்.

"சரி, இப்ப அது என்னான்னு பதில் போடுறது?"

மறுக்கவேண்டாம் என்றேன். நாள் கணக்கை மாதத்துக்கு மாற்றித் தரமுடியுமா, குழு மொத்தமும் ஒரே நாட்களில் வருமா, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரம் மதிப்பீட்டில் சேருமா என்று மேனேஜரைக் கேட்கட்டும். கேட்பதில் தப்பில்லை, கெட்டிக்கார மேனேஜராக இருந்தால் சந்தோஷப்படுவார்.

"மேனேஜரா?" என்று கிளாசை வைத்தார் பாய். "அவரு புனேல இருக்காரு தம்பி. அவரும் இனிமே ஆபீசுக்குப் போவணுமாம். புனே ஆபீசுக்கு."