முதல் வலை யாருக்கு?

பழவேற்காடு ஏரியைப் பற்றி மாணவர்களாகிய நீங்கள் படித்திருப்பீர்கள். தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திர மாநிலத்திலுமாகப் பரந்து கிடக்கும் உவர்நீர் ஏரி அது. அதன் கரையிலுள்ள மீனவர் குப்பங்களுக்கு ஒருமுறை சென்றிருந்தேன். பறவைகளைக் காணவே சென்றேன். ஆனால் என் நினைவில் நின்றது அங்குள்ளோர் கையாளும் ஒரு முறைமையே.

ஏரி கடலோடு கூடும் முகத்துவாரத்தின் அருகே இறால் திரளாகக் கிடைக்கும் இடங்கள் சில உண்டு. எல்லாரும் ஒரே வேளையில் அங்கே வலை கட்ட இயலாது. வலியவர் முந்திக் கொண்டால் எளியவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊரார் 'பாடு' என்னும் முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கின்றனர். சீட்டுக் குலுக்கி வரிசை வகுப்பர். பின்னர் இடங்கள் சுழன்று வரும். நல்ல துறையும் மெலிந்த துறையும் அவரவர்க்கு மாறி மாறிக் கிட்டும். இம்முறைக்கும் குறையுண்டு: பாட்டுரிமை இல்லாத மீனவர்க்கு இதில் இடமில்லை; அதனால் பூசல்களும் எழுந்துள்ளன. எனினும், உரிமை பெற்றோருக்குள் முந்துபவர் யார் என்பதைப் பணபலம் முடிவு செய்வதில்லை.

இதை இங்கே கூறக் காரணம், கணினி உலகிலும் இதே கேள்வி எழுந்திருப்பதுதான். 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான கட்டுரையிலிருந்து பிட்காயின் பிறந்தது; 2015-இல் எதீரியம் தோன்றியது. இக்கிரிப்டோ நாணயங்களுக்கு வங்கி இல்லை. எல்லாரும் காணத்தக்க ஒரு பொதுப் பேரேடு உண்டு. பதிவுக்குக் காத்திருக்கும் கட்டளைகளும் பெரும்பாலும் பலர் கண்ணில் படுகின்றன. பேரேட்டின் அடுத்த பக்கத்தை எழுதுபவரே அவற்றின் வரிசையை அமைக்கிறார்; மிகுந்த கட்டணம் தருவோர் முந்துவது வழக்கம்.

இதனால் விளையும் தீங்கு யாது? ஒருவர் பெருந்தொகைக்கு ஒரு நாணயத்தை வாங்கக் கட்டளை இடுகிறார் என்று கொள்வோம். அதைக் கண்டவர் கூடுதல் கட்டணம் கொடுத்துத் தாம் முன்னதாக வாங்குகிறார், விலை ஏறுகிறது. ஏறிய விலைக்கு முதலாமவர் வாங்கிய உடனே, மற்றவர் விற்று இலாபம் அடைகிறார். இவ்வாறு முந்துவதற்குத் தானியங்கி நிரல்கள் தம்முள் போட்டியிடுவதை 2019-இல் பிலிப் டயன் முதலிய ஆராய்ச்சியாளர் விளக்கிக் காட்டினர்.

அந்தரங்கமும் இதனோடு பிணைந்ததே. வாலட் எனப்படும் பணப்பைக்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த முகவரியே உண்டு. ஆயினும் அம்முகவரி இன்னாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன் பழைய கணக்கு முழுவதும் வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய முகவரி கொள்க என்று நகமோட்டோவே கூறியிருக்கிறார். வரிசை உறுதியாகும் வரை கட்டளையை மறையெழுத்தில் மூடி வைக்கும் வழிகளையும் அறிஞர் ஆராய்கின்றனர். குலுக்கி எடுக்கும் வரை சீட்டு மடிந்திருப்பதன் பயனும் இதுவன்றோ?

ஏரிக்கரையில் ஒருவர் முகத்தை ஒருவர் அறிவர். முறை தவறியவர் ஊரார் முன் நிற்க வேண்டும். முகமறியாச் சந்தையில் அந்த நாணம் இல்லை. அதனால் அங்கே நேர்மையை விதியிலேயே பதித்து வைக்க வேண்டும். நாளை அவ்விதிகளை எழுதப் போகிறவர்கள் உங்களுள் சிலராகவும் இருக்கலாம்.